மூன்றாவது ஓலைக்கு இரண்டு நாள்

இன்றைக்கு உங்களை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்கிறேன், ஆனால் இப்போதே இல்லை, கொஞ்சம் இருங்கள், சிரிப்பு இன்னும் மேடேறி வந்துகொண்டிருக்கிறது. கையில் லாந்தர், கழுத்தில் சிவப்பு மஃப்ளர், பின்னால் பன்னிரண்டு டூரிஸ்ட்டுகள், சர்ச் ரோட்டு ஏற்றத்தில் மூச்சிரைப்பு. பெயர் காட்வின், வயது முப்பது, வருகிற ஞாயிறு ஆராதனையில் மூன்றாவது கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்துவிட்டால் என் அக்கா ஜெனிக்கு மாப்பிள்ளை. நான் ஹெப்சி, பிளஸ் ஒன் பி செக்‌ஷன், வெள்ளைக்காரர்கள் கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒரு கேப்டனின் ஆளுயரக் கல்லுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி ஆறேகால். பனி இறங்குகிறது. திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை முடிந்ததும் பெஞ்சில் ஏறி நின்று இதைத்தான் சொல்லப் போகிறேன், இப்போதே வாய்க்குள் ஒத்திகை ஓடுகிறது, ஆனால் எங்கிருந்து தொடங்குவது, இந்த நாற்றத்திலிருந்தா, இந்தக் கல்லுக்குப் பின்னால் இன்று மத்தியானம்தான் எவனோ ஒன்றுக்கிருந்திருக்கிறான், யூக்கலிப்டஸ் வாசனையையும் மீறிக்கொண்டு வருகிறது, காலடியில் சிப்ஸ் பாக்கெட், அதற்குள் ஒரு நத்தை, பாதி வெளியே பாதி உள்ளே, அதன் எச்சில் கோடு என் ஷூ வரைக்கும் வந்து நிற்கிறது. கல்லில் பாசி நாக்கு மாதிரித் தடித்திருக்கிறது. சாய்ந்தால் கழுத்தில் படுகிறது, சாயாமலிருந்தால் முதுகு விட்டுப்போகிறது. சாய்ந்தேன். ஐயே.

சிரிப்பு எங்கே என்கிறீர்கள், வரும், முதலில் இந்தக் கொம்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் மடியில்தான் கிடக்கிறது, மூக்கிலிருந்து ஒரு முழ தூரம் கூட இல்லை. மாப்பிள்ளை இந்த டிசம்பரில் புதிதாக ஆரம்பித்திருக்கும் தொழில் கிறிஸ்துமஸ் பேய் நடை. சாயங்காலம் ஐந்தரைக்குப் புறப்பட்டு ஏழு மணிக்குள் மூன்று இடம், மூன்று கதை, கடைசியில் ஒரு டம்ளர் சுக்குக் காபி. அவர் கதை சொல்வார், நான் எங்கேயாவது மறைந்திருந்து சத்தம் கொடுக்க வேண்டும், அவர்கள் ரோட்டைச் சுற்றி வருவதற்குள் நான் குறுக்குச் சந்தில் ஓடி அடுத்த இடத்தில் பதுங்கிக்கொள்ள வேண்டும். என்னைத்தான் கேட்பார், வேறு யாரைக் கேட்பார், எனக்கு எல்லார் குரலும் வரும், போதகர் ஐயா மூக்கால் பாடும் ஆமென் வரும், கண்டக்டரின் ஏறு ஏறு ஏறு படில நிக்காத வரும், எங்கள் எச்.எம். கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொல்லும் சைலன்ஸ் வரும். முதல் இடம் லைப்ரரி வாசல், அங்கே ஐஸ்லாந்துப் பூனை, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுக்காதவர்களைத் தின்றுவிடுமாம், வீட்டு உயரம், நான் புதருக்குள்ளிருந்து அடிவயிற்றால் உறுமினேன், மதுரைக்காரர் ஒருவர், தொப்பிக்கு மேல் தொப்பி போட்டவர், "தம்பி, தீபாவளிக்கு எடுத்தது கணக்குல வருமா?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது இடம் பழைய பேக்கரிக்குப் பின்னால், ஆஸ்திரியா பக்கத்துக் கொம்பன், அடங்காத பிள்ளைகளைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறவன். அதற்குத்தான் இந்தக் கொம்பு, காதர் பாய் கறிக்கடையில் வாங்கியது, மாப்பிள்ளையே வெந்நீரில் அவித்துச் சுத்தம் பண்ணினாராம், பண்ணின லட்சணம், அடியில் இன்னும் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது, எறும்பு மொய்க்கிறது. அதை எங்கள் வாலிபர் சங்கத்துக் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியில் கட்டியிருக்கிறார், கேரல் ரவுண்ட்ஸ் போகிற ரப்பர் முகமூடி, பத்து வருஷமாக ஒவ்வொருவனும் அதற்குள் வியர்த்து, இருமி, பீடி குடித்துவிட்டு மூச்சு விட்டு, உள்பக்கம் வாய் இருக்கிற இடத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. என் உதடு அதில் பட்டது. பட்டதா? பட்டது. இப்போது நினைத்தாலும் நாக்கை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும் போலிருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே முகமூடிதான் எங்கள் வீட்டு வாசலில் டிரம் சத்தத்துக்கு ஆடும், நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன், அக்கா என்னோடு அடியில் வந்து படுத்துக்கொண்டு என் காதைப் பொத்துவாள். இப்போது நான் அதற்குள் இருந்து பார்க்கிறேன், மற்றவர்கள் அலறுகிறார்கள். அது நல்ல வேலைதான். நாற்றம்தான் தாங்கவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் சிரிப்பு வராது. அவருக்கு நாலைந்து குரல் இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு ஒன்று, பாத்து மேடம் ஸ்டெப்பு இருக்கு. வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. எங்கள் அப்பாவுக்கு ஒன்று, ஆமாங்க மாமா சரிங்க மாமா, எண்ணெய் சொட்டும். கதைக்கு ஒன்று, ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிறவனுடையது. அவருடையது எது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, குரலே இல்லாத ஆளைப் பார்த்தால் எனக்கு உரித்த பல்லியைப் பார்த்தது போலிருக்கும். பெண் பார்க்க வந்த அன்று அச்சுமுறுக்கை டீயில் தோய்த்தார், அது உடைந்து உள்ளே விழுந்தது, சரி விழட்டும் என்று விடுகிற ஆளா, இரண்டு விரலை டீக்குள் விட்டார், துழாவினார், சொதசொதவென்று எடுத்து வாயில் போட்டார், விரலைச் சப்பினார், ஒவ்வொரு விரலாக, அதே விரலால் தட்டை எடுத்து அக்கா பக்கம் நீட்டினார், எடுத்துக்கோங்க. மிச்ச டீயை உறிஞ்சினார், ஸ்ர்ர்ர்ப், அப்புறம் தொண்டைக்குள் ஒரு க்ர்ஹ்ம், அப்புறம் சப் சப். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் நான் அதைச் செய்து காட்டினேன், அச்சு அசலாக, அக்கா சிரித்த சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது, அம்மா கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வாயில சூடு வைக்கிறேன் பாரு, நாளைக்கு நீ அவரை அத்தான்னு கூப்பிடணும், என்றாள். அடுத்த நாளும் செய்தேன், அதற்கடுத்த நாளும், ஆறு வாரமாகத் தினமும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெருகு ஏற்றி. அக்கா முதல் வாரம் சிரித்தாள், இரண்டாம் வாரம் உதட்டால் மட்டும் சிரித்தாள், அப்புறம் பாதித் தட்டில் எழுந்து போக ஆரம்பித்தாள். அவ்வளவு நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். முதல் ஓலை வாசித்த ஞாயிறு அவள் கொயரில் பாடவில்லை, இரண்டாவது ஓலைக்கு ராத்திரியெல்லாம் போர்வைக்குள் அழுதாள், நான் காலால் இடித்து, பிடிக்கலன்னா அப்பாகிட்ட சொல்லித் தொலையேன், என்றேன். "காரணம் கேப்பாங்க ஹெப்சி," என்றாள், "என்னன்னு சொல்வேன்?" அதுதான் சிக்கல், இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, யாதொரு தடையுண்டென்று உங்களில் எவராகிலும் அறிந்தால், என்று போதகர் ஐயா இரண்டு தடவை மூக்கால் கேட்டாகிவிட்டது, சபையே இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டது, இனிமேல் நின்றால் ஓலை நின்ன பொண்ணு என்பார்கள், கிழவியாகும் வரைக்கும் என்பார்கள், அப்பா சபைக்கு நேரே நடந்து போக முடியாது. காரணம்தானே வேண்டும். நான் வாங்கித் தருகிறேன்.

இதோ சிரிப்பு, கிட்டத்தட்ட வந்துவிட்டது. மூன்றாவது கதை இந்தக் கல்லறைத் தோட்டத்தில். டூரிஸ்ட்டுகள் வெளிக் கேட்டில் சுக்குக் காபி குடிப்பார்கள், அந்த ஐந்து நிமிஷம் மாப்பிள்ளை தனியாக உள்ளே வந்து கல்லுக்குக் கல் மெழுகுவர்த்தி ஏற்றுவார், மூன்று நாளாகப் பார்த்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே சர்ச், இடையில் ஒரு சின்னக் கதவு, இன்று வெள்ளிக்கிழமை, அங்கே கொயர் பிராக்டிஸ். அக்கா அந்தக் கதவு வழியாக வந்து இந்தக் கல்லுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் என்ன. அக்கா வரமாட்டாள், அவள் குரல் வரும். எனக்கு முதலில் வந்த குரலே அவளுடையதுதான், ஐந்து வயதில் அந்தக் குரலில் அம்மாவிடம் பிஸ்கட் வாங்கியிருக்கிறேன். இருட்டு, தனிமை, கட்டிக்கப் போகிற பெண். இந்த மாதிரி விரலைச் சப்புகிற ஆள் அப்போது என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியாதா, ஏதாவது அசிங்கமாக ஒன்று விழும், போன் பாக்கெட்டில் பதிவு பண்ணிக்கொண்டிருக்கிறது, நாளை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அப்பா முன்னால் போட்டுவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை ஓலை இல்லை. நான் இங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. பேக்கரிக்குப் பின்னால் வைத்து, தொண்டை கட்டிடுச்சுண்ணே, மூணாவது இடத்துல நீங்களே ஊளை விட்டுக்கோங்க, என்று கரகரத்தேன், நம்பிவிட்டார், ஐயோ போம்மா, வெந்நீர் குடி, போய்ப் படு, என்று பாக்கெட்டைத் துழாவி ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார், காகிதம் பிரிந்து நூலும் தூசியும் ஒட்டி, அவர் தொடைச் சூட்டில் இளகிப் போயிருந்தது, அவர் பார்க்கும்போதே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. சந்து திரும்பியதும் துப்பினேன். இன்னும் கடைவாயில் இனிக்கிறது. வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கிறது, கல்லெல்லாம் பல் மாதிரி நிற்கிறது, இந்த இடத்துக் கதை என்னவென்றால் வடக்கே குளிர் தேசங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம், வீட்டுக்காரர்கள் கட்டிலை அவர்களுக்கு விட்டுவிட்டுத் தரையில் வைக்கோலில் படுத்துக்கொள்வார்களாம், மேசையில் சாப்பாட்டை எடுக்காமல் வைத்திருப்பார்களாம். காலையில் அந்த எச்சிலை யார் சாப்பிடுவார்கள் என்று மதுரைக்காரர் கண்டிப்பாகக் கேட்பார். இந்தக் கேப்டன் இருபத்தாறு வயதில் காய்ச்சலில் போனவன் என்று கல் சொல்கிறது. அவன் வாய் இப்போது என் ஷூவுக்கு நேர் கீழே இருக்கும், மண் நிறைந்து. சரி, அதை நினைக்காதே. நத்தையை நினை. நத்தையையும் நினைக்காதே. அக்கா அன்றைக்கு ஏன் காரணம் சொல்ல முடியாது என்றாள், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அதில் சொல்வதற்கென்ன, திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து மாட்டுகிறது, சுவெட்டர் நூல் ஆணியில் மாட்டியது போல. கேட் சத்தம். லாந்தர் வெளிச்சம். "சார், காபி குடிங்க, கப்பைக் கீழ போடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்." வந்துவிட்டார். ஷூ சரளைக் கல்லில் சரக் சரக். க்ர்ஹ்ம். அதோ, அந்தத் தொண்டை. உடம்பெல்லாம் கூசுகிறது எனக்கு.

தீக்குச்சி உரசும் சத்தத்துக்குக் காத்திருந்து, என்னங்க, என்றேன், அக்கா குரலில், முடிவில் கொஞ்சம் உடைகிறாற்போல. குச்சி அணைந்தது. "ஜெனியா?" என்றார். நான்தான், என்றேன். "கொயர் இல்லையா?" பாதியில வந்துட்டேன். "வெளிய வராத, அங்கயே நில்லு," என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கேட்டுக்கிட்ட ஆளுங்க நிக்கிறாங்க." ஆகா, ஆரம்பித்துவிட்டான், பாக்கெட்டில் போனை மேலே தள்ளினேன், சிரிப்பு என் தொண்டையில் நுரைத்தது, இன்னும் ஒரு நிமிஷம், பி செக்‌ஷன் பெண்களே, ஒரே நிமிஷம். அவர் கிட்டே வரவில்லை. எதிர்க் கல்லில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்," என்றார், அந்தக் குரல் எனக்குப் புதிது, மேடத்துக்கும் மாமாவுக்கும் உள்ள குரலில்லை, ஒன்றும் பூசாத குரல். "முடிவு பண்ணிட்டேன் ஜெனி. நாளைக்குக் காலையில போதகர் ஐயா வீட்டுக்குப் போறேன். மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன். என் பக்கத்துக் காரணம்னே எழுதறேன். உன் பேரு எதுலயும் வராது." எனக்கு வேண்டியது இதுதானே, இதுவேதானே, அப்புறம் ஏன் என் வாய் ஏன் என்று கேட்டது, திட்டத்தில் அது இல்லை, தானாக விழுந்தது. "ஏனா?" என்று லேசாகச் சிரித்தார். "செவ்வாக்கிழமை அந்த அழுகை அழுதுட்டு இப்ப ஏன்னு கேக்கறியே. வேற யாரும் இருக்காங்களான்னு கேட்டேன், இல்லன்ன. நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனான்னு கேட்டேன், அதுவும் இல்லன்ன. அப்புறம்தானே சொன்ன. தங்கச்சி நான் சாப்பிடறதைச் செஞ்சு காட்டுது, அதுல இருந்து என்னைப் பார்த்தாலே அந்தச் சத்தம்தான் கேக்குது, அந்த விரல்தான் தெரியுது, ஒரு மேசைல உக்காந்து சாப்பிடறதை நெனச்சாலே குமட்டுதுன்ன." குமட்டுது என்பதைச் சாதாரணமாகச் சொன்னார், பஸ் போயிடுச்சு என்பதுபோல. "எனக்குக் கோபம் வரல ஜெனி. வீட்டுக்குப் போய் கண்ணாடியை எதிர்ல வச்சுக்கிட்டு சாப்பிட்டுப் பார்த்தேன். எங்கம்மா கேக்கறாங்க, என்னடா, மாப்பிள்ளை அழகு பாக்கறியான்னு. அந்தப் பொண்ணு ஒண்ணும் கூட்டிச் செய்யல. அப்படியேதான் இருக்கு."

கூட்டித்தான் செய்தேன். கர்ச்சீப். அவர் கர்ச்சீப் எடுத்தார், டீயிலிருந்து விரலை எடுத்ததும் காது சிவந்து, யாராவது பார்த்தார்களா என்று ஒரு பார்வை, கர்ச்சீப்பில் விரலைத் துடைத்துவிட்டுத்தான் தட்டை எடுத்தார், நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன், முதல் நாள் செய்து காட்டும்போதே அதை எடுத்துவிட்டேன், அது வந்தால் சிரிப்பு செத்துவிடும். சப்பினது ஒரு விரல். ஐந்தாக ஆக்கினது மூன்றாம் நாள். ஆறு வாரம் தினமும் இந்த வாயால், இந்தத் தொண்டையால், அக்கா தட்டுக்கு நேரே ஸ்ர்ர்ர்ப் என்று, அவள் சோற்றில் நான்தான் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தேன், அவள் என்னிடம் காரணத்தைச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் காரணம் பக்கத்தில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவளைக் காலால் இடித்துக்கொண்டிருந்தது. வாயெல்லாம் ஏதோ ஊறுகிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பினால் சத்தம் கேட்கும். பாக்கெட்டுக்குள் விரலை விட்டுப் பதிவை நிறுத்தினேன். நாளைக் காலையில் இந்த ஆள் போய் எழுதிக் கொடுப்பார், ஊர் அவரைக் காறித் துப்பும், ரெண்டு ஓலை வாசிச்சப்புறம் பொண்ணை விட்டவன், எந்த வீட்டிலும் டீ கூடக் கொடுக்க மாட்டார்கள், இந்தப் பேய் நடையும் போச்சு. என்னிடம் இன்னும் அக்கா குரல் இருக்கிறது. அதை வைத்து எதையும் சொல்லலாம். எழுதிக் கொடுக்காதீங்க, என்றேன். அவர் எழுந்து நின்றார், கல்லைப் பார்த்துத் திரும்பினார். "நிஜமாவா?" அந்த ஒரு சொல்லில் இருந்தது எனக்குத் தாங்கவில்லை, யாரோ வெறும் வயிற்றோடு கதவைத் திறந்து பார்ப்பது போலிருந்தது, அதில் போய் நான் மேலும் போட்டேன், அவ சின்னப் பொண்ணுங்க, வெளையாட்டுக்குச் செஞ்சது, நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். சொல்லும்போதே, அக்கா வாயை எடுத்து அவளுக்கே தெரியாமல் அவளைக் கட்டிக்கொடுக்கிறோம் என்று தெரிந்தது, தெரிந்தும் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை, அத்தனை சுத்தமாக வந்தது, என் மேலேயே எனக்கு அப்படி ஓர் அருவருப்பு, அந்த முகமூடியின் உள்பக்கம் பரவாயில்லை. கேட்டிலிருந்து மதுரைக்காரர், "என்ன தம்பி, பேய் வந்துருச்சா, நாங்க வரலாமா?" என்று கத்தினார். "ரெண்டு நிமிஷம் சார்," என்றார் அவர், அங்கே பார்க்காமலே. பிறகு மெதுவாக, "அப்போ நேத்து உங்கப்பாகிட்ட நீ சொன்னது?" என்று கேட்டார். அப்பாவிடமா, அக்கா சொல்லிவிட்டாளா, எப்போது, எனக்குத் தெரியாமல் எப்படி, யோசிக்க நேரமில்லை. அப்பாகிட்ட நான் பேசிக்கறேங்க, என்றேன். தீக்குச்சி உரசியது. மெழுகுவர்த்தி எரிந்தது. அவர் அதைக் கேப்டன் கல்லின் மேல், என் தலைக்கு நேராக வைத்தார். கை மட்டும் தெரிந்தது.

"ஜெனி அவங்கப்பாகிட்ட ஒண்ணும் சொல்லல," என்றார். "சொல்ல முடியாதுன்னுதான் அழுதுச்சு." தீக்குச்சியைக் கல்லில் அமுக்கி அணைத்தார். "ஹெப்சி, எப்ப இருந்து நீ பேசறே?"

"முதல்ல இருந்தே," என்றேன்.